காவல் இருப்பதும் வேலைதான்: கணக்கெடுப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அண்மையில் ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு தம்பி டேப்லெட்டும் கையுமாக வந்து, முந்தைய நாள் நான் என்னென்ன செய்தேன் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். சமையல், பாத்திரம், துணி எல்லாம் ஏறிவிட்டது. "அத்தையப் பாத்துக்கிட்டேன்" என்றேன். "சரிக்கா, என்ன பண்ணீங்க? குளிப்பாட்டினீங்களா, சோறு ஊட்டினீங்களா?" அன்றைக்கு அத்தை தானே சாப்பிட்டார், குளிக்கமாட்டேன் என்று ஒரே அடம். அப்படியானால் எழுத ஒன்றும் இல்லையாம். இரவு பத்து மணிக்கு மேல் தூக்கம் என்று போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் மாமியாருக்கு மறதி நோய். கை கால் திடமாக இருக்கிறது, சிக்கலே அதுதான். எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். ஜூன் 12 மேட்டூரைத் திறந்து பூத்தூவுவதை டி.வி.யில் பார்த்து ஊரே சந்தோஷப்படும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். கோடையில் அவர் வாய்க்காலில் இறங்கினால் காலில் முள் குத்தும், அவ்வளவுதான். தண்ணீர் ஓடும்போது? காலமெல்லாம் துணி துவைத்த படித்துறை. யார் என்ன சொன்னாலும் கால் அங்கேதான் போகிறது. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளில் பழைய மாட்டு மணி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். சமைக்கும்போது ஒரு காது குக்கரில், ஒரு காது மணியில். நடுராத்திரியில் "கன்னுக்குட்டிய அவுத்து விடணும்" என்று எழுந்து வருவார். மாட்டை விற்று எத்தனையோ வருடமாகிறது. அவரைக் கூட்டிவந்து படுக்கவைக்க ஐந்து நிமிடம். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்க வெகுநேரம். இது முழுக்க உங்கள் தாளில் தூக்கம்.

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-லும் 2024-லும் நாடு முழுக்க நடந்தது. காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, நாளை அரை அரை மணியாக வெட்டி எழுதும் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. 15 முதல் 59 வயதுப் பெண்களில் வீட்டாரைக் கவனிப்பவர்கள் அதற்கு ஒரு நாளைக்கு 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று 2024 முடிவு சொன்னது. ஊருக்கெல்லாம் தெரிந்த அந்த எண்ணில் பிள்ளைக்குச் சோறூட்டியதும் அடக்கம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரைப் புரட்டிப் போட்டதும் அடக்கம். எதற்கு எவ்வளவு என்று எங்களைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்? மக்கள் செய்யும் வேலைகளுக்கெல்லாம் எண் கொடுத்துப் பிரிக்கும் ஐ.நா.வின் 2016 வகைப்பாட்டில், பிறரைச் சார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு உடனிருந்து காவல் பார்ப்பதற்கே தனி எண் உண்டு. எண் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் கேள்விதான் இல்லை. ஆகவே கேட்கிறேன்: முதியவரைப் பார்த்துக்கொள்வதை, காவல் இருப்பதையும் ராத்திரி எழுவதையும் சேர்த்து, தனிக் கேள்வியாகவே கேளுங்கள்.

அத்தைக்காகத்தான் ஜவுளிக்கடை வேலையை விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மாமனாருக்காக நடவுக்குப் போவதை விட்டார். தொழிலாளர் கணக்கெடுப்பில் நாங்கள் இருவருமே 92 என்ற எண், அதாவது வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்கள். வீட்டு வேலையோடு விறகு பொறுக்கினால், மாட்டுக்குத் தீனி சேர்த்தால் 93 என்று தனி எண் தருகிறீர்கள். விறகுக்கு இருக்கிற மதிப்பு! ஒரு கிழவியை வாய்க்காலில் விழாமல் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாக நாலு சுள்ளி பொறுக்கியிருந்தால் ஒரு படி ஏறியிருப்பேன் போல.

டெல்டாவில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் வந்து பாருங்கள். பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில். திண்ணையில் வயசானவர்கள். தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர், 2031-ல் 18.2 பேராவார்கள் என்று அரசின் மதிப்பீடே சொல்கிறது. இவர்களை யார் பார்ப்பது என்று மேடையில் கேட்டால் "நம் குடும்ப அமைப்பு" என்று பெருமையோடு பதில் வரும். அந்த அமைப்பின் பெயர் பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் கல்யாணமாகாத மகள். அக்டோபர் 1 முதியோர் தினத்துக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்தட்டும். பகலில் நாலு மணி நேரம் விட்டுவைக்க ஒரு பராமரிப்பு மையம் எங்கள் ஒன்றியத்தில் கேட்டால், "எத்தனை பேருக்குத் தேவை, கணக்கு இருக்கா?" என்பார்கள். கணக்கு எடுக்கவேண்டியவர்கள் நீங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் முதியவர் உண்டா, அவரைத் தனியே விட்டு வெளியே போக முடியுமா, முடியாதென்றால் யார் உடன் இருக்கிறார், ராத்திரி எழ வேண்டியிருக்கிறதா, இதற்காக யாராவது வேலையை விட்டார்களா. இவற்றைத் தனியாகக் கேளுங்கள். கணக்கெடுக்க வருகிற தம்பி தங்கைகளுக்கும் இப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த கேள்வித்தாள் அச்சேறும் முன்பு இதைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் மத்தியானம் வாருங்கள், அத்தை தூங்குகிற நேரம்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து மருமகள் ஒருத்தி