பெரியவரின் ஓட்டுரிமைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் டாம்பாவில் எங்கள் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் பெரியவருக்கு வாக்காளர் அட்டை வந்துவிட்டது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடையில் நாங்கள் கூப்பிடுகிறபடி பெரியவர் என்றே எழுதுகிறேன். பணம் கொடுத்தவர்கள், காகிதம் தேடியவர்கள், கோர்ட் வரை கூட வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தொண்ணூறுகளில், போதைப்பொருள் வைத்திருந்ததாக இரண்டு கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அவர் மேல் வழக்கு. தண்டனை முடிந்து வெளியே வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. ஆனால் ஃபெலனி என்கிற பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு, தண்டனை முடிந்த பிறகும், 2018 வரை ஃபுளோரிடாவில் ஓட்டு கிடையாது. மாநிலத்தின் 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே இந்தத் தடை இருந்தது. ஆளுநர் தலைமையிலான கருணை வாரியத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் சிறைக்குள் இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது, வெளியே வந்துவிட்டால் போடலாம். அதனால்தான் இதைச் சொன்னபோது உங்களில் பலர் நம்பவே இல்லை. நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே வாக்காளர் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, உழைத்து, வரி கட்டி வருகிறவருக்கு அது இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

முதல் நன்றி, முகம் தெரியாத 51 லட்சம் பேருக்கு. 2018 நவம்பரில், இந்தத் தடையை நீக்க ஃபுளோரிடா அரசியல் சட்டத்தில் கொண்டுவந்த ‘நான்காவது திருத்தம்’ என்ற முன்மொழிவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். 60 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 64 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. கொலை, பாலியல் குற்றங்கள் நீங்கலாக, தண்டனையை முடித்த சுமார் 14 லட்சம் பேருக்கு ஓட்டு திரும்பும் என்று சொன்னார்கள். இதை முன்நின்று நடத்திய டெஸ்மண்ட் மீட் சிறைக்குப் போனவர், வீடின்றித் திரிந்தவர், பிறகு சட்டம் படித்தவர். அன்று அவருக்கே ஓட்டு இல்லை! அவருக்கும் ஃபுளோரிடா உரிமை மீட்புக் கூட்டமைப்பின் தொண்டர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அப்புறம்தான் சிக்கல். அபராதம், கோர்ட் கட்டணம், நஷ்ட ஈடு எல்லாம் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம் என்று 2019-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சரி, எவ்வளவு கட்ட வேண்டும்? அதைச் சொல்ல மாநிலத்தில் ஒரே இடம் என்று எதுவும் இல்லை. 67 கவுண்டி, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கணக்கு. ஓர் அலுவலகத்தில் பாக்கி இல்லை என்றார்கள், அடுத்த முறை போனால் வேறு தொகை சொன்னார்கள். பெரியவர் விட்டுவிடலாம் என்றே முடிவுசெய்திருந்தார்.

அவரைத் திரும்பவும் உட்காரவைத்தது இன்னொரு கவுண்டியின் ஆவணப் பிரிவில் இருந்த ஓர் அம்மா. மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த தீர்ப்பின் நகல் பாதி மங்கிக் கிடந்தது. தொகை இருந்த வரியில் ஒரு இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து, பழைய ரசீதுப் பதிவைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றுதான் என்று உறுதிசெய்தார். அம்மா, உங்களை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

இலவசமாக வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீலம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? கோர்ட் பாக்கியை வசூலிக்கும் நிறுவனம் தன் பங்குக்குப் பாக்கித் தொகையில் 40 சதவீதம் வரை கூடுதலாகப் போடலாம். பெரியவரின் பாக்கி ஏறிக்கொண்டே போனது அதனால்தான். தீர்ப்பில் எழுதியதைக் கட்டினால் போதும், பிறகு ஏறியதற்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சட்டத்தைக் காட்டி விளக்கியவர் அவர். 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேரைக் கைது செய்ததாக ஆளுநர் அறிவித்தாரே, அதிலிருந்து பெரியவருக்குப் படிவத்தைத் தொடவே பயம். வக்கீலம்மாதான் எல்லா ரசீதையும் சரிபார்த்து, “தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்” என்று பக்கத்திலேயே இருந்தார்.

பணம் அனுப்பிய தமிழ் நண்பர்களே, உங்களிடம் கேட்கத் தயங்கினேன். யாரும் என்ன குற்றம் என்று துருவவில்லை, எவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்டீர்கள். மாணவப் பிள்ளைகள்கூடப் பத்து டாலர், இருபது டாலர் என்று கொடுத்தார்கள். ரசீதுகள் கடையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மீதியைப் பெரியவரின் சர்ச்சில் இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குத் தரலாமா? ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

ஜூரியில் உட்காரவும் தேர்தலில் நிற்கவும் இன்னமும் கருணை வாரியம்தான் வழிவிட வேண்டும். அந்த மனுவையும் போட்டுவிடலாம் என்கிறார் பெரியவர். வக்கீலம்மா எழுதத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
டாம்பா உணவகக் குடும்பத்தினர் சார்பில்