செயலாளர் ஆண்டறிக்கை: ஓடுபாதை முடியும் இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பேரவை முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பழைய விமான விபத்துகளைத் தொகுக்கும் நம் பதிவேட்டுக்கு இந்த ஆண்டு மங்களூர், கோழிக்கோடு, மதுரை ஆகிய மூன்று விமான நிலையங்களை எடுத்துக்கொண்டோம். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

மங்களூரில் தொடங்கினோம். பஜ்பே குன்றின் மேல் அமைந்த நிலையம் அது. 1951 டிசம்பர் 25 அன்று பிரதமர் நேரு டகோட்டா விமானத்தில் அங்கே வந்திறங்கினார். இப்போதுள்ள பெரிய ஓடுபாதை 2006-இல் வந்தது. நீளம் 8,033 அடி, முனையைத் தாண்டினால் பள்ளம். 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 அந்தப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

விசாரணை அறிக்கையை எல்லோரும் படித்திருந்தோம். ஆனாலும் எண்கள் மனதில் நிற்கவில்லை. அதனால் ஒரு கூட்டத்தன்று மைதானத்தில் எண்பது அடிக் கயிறு ஒன்றை நீட்டிப் போட்டோம், நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில். வழக்கமாகச் சக்கரம் தொடும் இடம் பத்தாவது அடியை ஒட்டி வரும். அங்கே ஒரு முடிச்சு. அன்று தொட்டது சுமார் 5,200 அடியில். ஐம்பத்திரண்டாவது அடியில் இன்னொரு முடிச்சு. இரண்டாவது முடிச்சில் நின்று முனையைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த முடிச்சு ஏன் அவ்வளவு தள்ளிப் போனது? மங்களூர் ரேடார் அன்று இயங்காததால் விமானம் இறங்கத் தொடங்கியதே தாமதம். பயணத்தின் பெரும்பகுதியில் தலைமை விமானி தூங்கிக்கொண்டிருந்தார் என்று விமானி அறையின் ஒலிப்பதிவு காட்டியது. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் வந்தது. இறங்காமல் மீண்டும் மேலேறிவிடலாம் என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் சொன்னார்; அது ஏற்கப்படவில்லை. தரை தொட்டு, எஞ்சின்களின் எதிர்விசையும் போட்ட பிறகு தலைமை விமானி மறுபடி மேலேற முயன்றார். வலது இறக்கை, முனைக்கு அப்பால் வழிகாட்டும் ஆன்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் மேடையில் மோதியது. மேலேற முயலாமல் முழு பிரேக் போட்டிருந்தால் ஓடுபாதைக்குள்ளேயே நின்றிருக்கலாம் என்பதும் அறிக்கையில் உண்டு. என்னை மிகவும் வருத்திய வரி அதுதான்.

இதே நிலையத்தில் 1981 ஆகஸ்ட் 19 அன்றும் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டியது. இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ 748. பழைய ஓடுபாதையின் முனையைக் கடந்த உடனே நின்றுவிட்டது, யாரும் இறக்கவில்லை. பயணிகளில் ஒருவர் அப்போது கர்நாடக அமைச்சராக இருந்த வீரப்ப மொய்லி. நம் பதிவேட்டில் இதற்கு இருந்தது ஒரே ஒரு வரி: ‘உயிரிழப்பு இல்லை’. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான், என் தவறுதான். உயிர் போகாத விபத்துதான் முன்கூட்டி எச்சரிக்கிறது. இனி அப்படிப்பட்டவற்றுக்கும் முழுப் பக்கம் ஒதுக்குவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

அப்புறம் கோழிக்கோடு. அதன் விமான நிலையம் இருக்கும் கரிப்பூரிலும் குன்றின் மேல் அமைந்த மேட்டு ஓடுபாதைதான். 2020 ஆகஸ்ட் 7 இரவு மழையில், துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் தரை தொட்டது. நம் கயிற்றில் ஏறக்குறைய பாதி. பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். தீ பிடிக்காததால் பலர் பிழைத்தார்கள். கொரோனா கட்டுப்பாட்டுப் பகுதியாக இருந்த, பக்கத்து ஊரான கொண்டோட்டியின் மக்கள் தயங்காமல் ஓடிவந்து, காயம்பட்டவர்களைத் தங்கள் கார்களிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் கொடுக்க இரவிலேயே வரிசையில் நின்றார்கள். பிறகு தனிமைப்படுத்தலுக்கும் போனார்கள். விபத்தின் காரணங்களோடு இதையும் விரிவாக எழுதியிருக்கிறோம். இதுவும் விபத்தின் வரலாறுதான்.

பதிவேட்டில் மதுரைக்கான பக்கம் இன்னும் நிறையவில்லை. 1971 டிசம்பர் 9, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த ஆவ்ரோ 748, மங்கலான வானிலையில் தாழ இறங்கி, சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். அது பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த வாரம். நாட்டின் கவனமெல்லாம் எல்லையில் இருந்தது. இந்த விபத்து இவ்வளவு சீக்கிரம் மறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த மாதத்து நாளிதழ்களை நூலகங்களில் பார்க்க இரண்டு உறுப்பினர்கள் முன்வந்திருக்கிறார்கள். பழைய தாள்களைத் தொடாமல் படம் மட்டும் எடுத்து வரும்படி கேட்டிருக்கிறேன்.

உயிரிழந்தோர் குடும்பங்களை நாமாகத் தேடிப்போய்க் கேள்வி கேட்பதில்லை என்ற விதி வரும் ஆண்டும் தொடர்கிறது. அவர்களாக வந்து பேசினால் உட்கார்ந்து கேட்போம், அவர்கள் சம்மதித்ததை மட்டும் எழுதுவோம்.

கயிற்றைப் பத்திரமாகச் சுருட்டி, பதிவேட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். கோழிக்கோட்டுக்கு இன்னும் எட்டடி சேர்க்க வேண்டும். அதற்கான சிறு செலவுக்கு ஒப்புதல் தந்து, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்