எண்ணூறு மீட்டர் விஷயமாக

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தபோது கண்புரை ஆபரேஷன் முடிந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் எவ்வளவு ஒட்டடை என்பதும் தெரிய வந்துவிட்டது, அதுதான் கஷ்டம்.

பேத்தி ஓட்டப் பயிற்சிக்குப் போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நூறு, இருநூறு ஓடட்டும், எண்ணூறெல்லாம் பெண் பிள்ளை உடம்பு தாங்காது என்கிறாராமே உன் மாப்பிள்ளை! பாவம், அவரைக் குறை சொல்லாதே. ஒலிம்பிக் நடத்தியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள்.

1928ல் ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். எண்ணூறு மீட்டர் இறுதியில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். நூறு மீட்டரில் தோற்றபின் இதில் இறங்கிய ஜப்பான் பெண் கினுவே ஹிதோமிக்கு வெள்ளி. அடுத்து வந்த செய்திகளைக் கேள்: பதினோரு பேர் ஓடினார்களாம், ஐந்து பேர் பாதியில் நின்றார்களாம், மற்றவர்கள் சுருண்டு விழுந்தார்களாம். ஓடியதே ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள்! அதை யார் கேட்டார்கள்? போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960ல், ரோமில். ஓடி முடித்த ஆண் தரையில் விழுந்தால் அது வீரம், பெண் விழுந்தால் பலவீனம்.

நம் பள்ளி விளையாட்டு விழா நினைவிருக்கிறதா? பையன்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். நமக்கு நூறு மீட்டர், லெமன் அண்ட் ஸ்பூன், மியூசிக்கல் சேர், பரிசாக எவர்சில்வர் டப்பா. நான் பி.டி. டீச்சராக வேலைக்குச் சேர்ந்த பிறகும் பெண் பிள்ளைகளை நீண்ட தூரம் ஓடவிட்டால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று சக ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்ற பெண்களைக் கூப்பிட்டு விசாரித்தால், முக்கால்வாசிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். நாட்டில் பாதிக்கு மேல் பெண்களுக்கு ரத்தசோகை. உடம்பு தாங்காது என்பவர் முதலில் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கட்டும்.

அதற்காக வித்தியாசமே கிடையாது என்று நான் சாதிக்க மாட்டேன். வயதுக்கு வரும்வரை பையனும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். பிறகு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் வேலை செய்கிறது: பையனுக்குத் தசை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் கூடுகிறது. உச்சத்தில் ஓடுபவர்களிடையே பத்து சதவீத இடைவெளி இன்றும் இருக்கிறது. அதனால் பெண்களுக்குத் தனிப் போட்டி வேண்டும். மெதுவாக ஓடுகிறவள் ஓடவே கூடாது என்று மட்டும் அதிலிருந்து எப்படிக் கிளம்பியது?

தனிப் போட்டி என்றால் எங்கோ ஒரு கோடு போடத்தான் வேண்டும், அங்கேதான் எனக்கு மனசு தடுமாறுகிறது. உங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துச் சாந்தி சௌந்தரராஜனை எடுத்துக்கொள். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006ல் தோஹா ஆசியப் போட்டியில் இதே எண்ணூறு மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவளின் உடம்பை ஊரே டிவியில் அலசியது. இப்போது உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு மரபணுச் சோதனை வைத்திருக்கிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒரு தடவு, இல்லையென்றால் கொஞ்சம் ரத்தம், வாழ்நாளில் ஒரு தரம். சோதனை வேண்டுமா வேண்டாமா என்று பெண்ணியவாதிகளே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், சோதித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஓடுவதற்கு முன்னாலேயே, நாலு சுவருக்குள், ஒரு டாக்டரும் அம்மாவும் பக்கத்தில் இருக்கச் செய்யட்டும். கழுத்தில் பதக்கம் போட்ட பிறகு செய்வது அநியாயம். நீ என்ன நினைக்கிறாய், எழுது.

சரி, பேத்திக்கு: ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, முதல் சுற்றில் அடக்கி ஓடச் சொல். அவள் ஷூ சைஸ் என்ன? என் தம்பி மகன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜி