அரையாண்டு விடுமுறைக்குப் பின் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவடைந்து, விடுமுறைக்குப் பின் வகுப்புகள் மீண்டும் தொடங்கியுள்ளன. மதிப்பெண் பட்டியல்களை மாணவர்களிடம் கொடுத்தனுப்பியுள்ளோம். கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டுப் போட்டிகள், அறிவியல் கண்காட்சி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஆகிய அனைத்திலும் நம் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்துள்ளனர். உடன் உழைத்த ஆசிரியர்களுக்கும் ஊக்கமளித்த தங்களுக்கும் நன்றி.

இக்கடிதத்தில் ஒரு செய்தியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்திலேயே பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் சிலர் தங்கள் ஆசிரியரைச் சந்தித்து, வீட்டு மடிக்கணினியைக் கடையில் கொடுத்து விண்டோஸை மாற்றியபோது, தாங்கள் ஜூன் மாதம் முதல் எழுதிச் சேர்த்திருந்த பைத்தான் நிரல்களும் மைஎஸ்க்யூஎல் பயிற்சிகளும் அழிந்துவிட்டதாகத் தெரிவித்தனர். ஒரு வீட்டில் அக்காவின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த கோப்புறையும் குடும்பப் புகைப்படங்களும் சேர்ந்தே போயிருக்கின்றன. செய்முறைத் தேர்வு நெருங்கும் வேளையில் இப்படி நேர்வது பிள்ளைகளை எவ்வளவு கலங்கச் செய்யும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

கணினியைக் கடைக்குக் கொண்டு சென்ற பெற்றோர்களின் நோக்கம் நல்லதே. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுவிட்டன. அச்செய்தி பரவியதும் பலர் விண்டோஸ் 11க்கு மாற விரைந்துள்ளனர். ஆனால் அவ்வளவு அவசரம் தேவையில்லை. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் புதுப்பிப்புகளைப் பெறும் வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வழங்குகிறது. மேலும், விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பல ஆண்டுகளுக்கு முன் பெற்ற கணினியைப் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அக்கணினிகளுள் பல இத்தகுதியைப் பெறாதவை. மாற்றிய பிறகு இதை அறிந்து பழைய நிலைக்குத் திரும்ப விரும்புபவருக்குத் தேவைப்படுவதுதான் மீட்பு வட்டு.

புதிய கணினியை வாங்கும்போது, அதன் இயங்குதளமான விண்டோஸையும், வைஃபை, ஒலி போன்ற பாகங்களை இயக்கும் நிரல்களாகிய, அந்தக் கணினிக்கே உரிய டிரைவர்களையும் மீண்டும் நிறுவுவதற்கான கோப்புகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் வன்தட்டின் மறைவான ஒரு பகுதியில் வைத்தே தருகின்றன. தனியாகக் குறுந்தகடு தரும் வழக்கம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இது வீட்டின் மாற்றுச் சாவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு ஒப்பானது. வன்தட்டு பழுதானால் மீட்புப் பகுதியும் அதனுடன் போய்விடும். கடைக்காரர் எல்லாப் பகுதிகளையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் பிரித்தால் அப்போதும் போய்விடும். ஆகவே, கணினி நன்றாக இயங்கும்போதே அக்கோப்புகளை வெளியே ஒரு பென் டிரைவிலோ டிவிடிகளிலோ எடுத்து வைத்துக்கொள்வது இன்றியமையாதது. இதுவே மீட்பு வட்டு; பென் டிரைவில் எடுத்தால் மீட்பு டிரைவ். பழுதான பிறகு இதைச் செய்ய முடிவதில்லை.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இது கடினமான வேலையன்று. தேடல் பெட்டியில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் அதற்கான கருவி திறக்கும். குறைந்தது 16 ஜிபி பென் டிரைவ் தேவை. 32 ஜிபி இருந்தால் நல்லது. கணினியின் அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கவா என்று கேட்கும் கட்டத்தைக் கட்டாயம் தேர்வு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் சிறு பழுதுகளைச் சரிசெய்ய மட்டுமே அந்த டிரைவ் உதவும், இயங்குதளத்தை மீண்டும் நிறுவ உதவாது. பென் டிரைவில் முன்பே இருப்பவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே பயன்படுத்துங்கள். வேலை முடிய நெடுநேரம் ஆகலாம். மின்சாரம் தடைப்பட்டாலும் பாதியில் நிற்காதவாறு மின்கலம் நிறைந்திருக்கும்போது தொடங்குவது நலம். ஒரு கணினியில் உருவாக்கிய டிரைவை வேறொரு கணினிக்குப் பயன்படுத்துவது சரிவராது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில், தயாரிப்பு நிறுவனத்தின் மீட்பு மென்பொருளைக் கொண்டு டிவிடிகளில் எடுக்க வேண்டியிருக்கும். சாதாரண டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகள் தேவைப்படலாம். ஒவ்வொன்றின் மீதும் கணினியின் மாதிரிப் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி வையுங்கள். சில நிறுவனங்களின் மென்பொருள் ஒரே ஒரு தொகுப்பை உருவாக்க மட்டுமே அனுமதிக்கும். எனவே தரமான வட்டுகளையே வாங்குங்கள்.

மீட்பு வட்டு இயங்குதளத்தை மட்டுமே திருப்பித் தரும்; பிள்ளையின் கோப்புகளைத் தராது. மாணவர்களிடம் பேசியதில், இது பலருக்கும் தெரியவில்லை என்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகள் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கின்றன. ‘டி டிரைவில் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது’ என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியன்று. பல மடிக்கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வன்தட்டின் பகுதிகளே. கோப்புகளை வேறொரு பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுத்து, அவற்றை மற்றொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இருப்பின் அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். இல்லையெனில் புதிய விண்டோஸில் அக்கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்.

மேலும் சில முன்னேற்பாடுகள் உண்டு. வன்தட்டு, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்; அந்த எண் இல்லாமல் பூட்டிய தகவலைத் திறக்க வழியில்லை. வைஃபைக்கான டிரைவரை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால், புதிதாக நிறுவிய கணினி இணையத்தோடு இணையாமல் திகைக்க நேராது. பழைய கணினியின் அடியில் விண்டோஸ் உரிம எண் ஒட்டப்பட்டிருந்தால், அது தேய்வதற்குள் படம் எடுத்து வையுங்கள். மீட்பு டிரைவைக் கொண்டு ஒருமுறை கணினியைத் தொடங்கிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டாம். நீலத் திரையில் தெரிவுகள் தோன்றினால் டிரைவ் இயங்குகிறது என்று பொருள். எதையும் அழிக்காமல் அங்கேயே வெளியேறிவிடலாம்.

இரண்டு செய்திகளை உறுதியாகத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. கணினி ஃபார்மேட் செய்யப்பட்டது என்ற காரணத்திற்காக ரெக்கார்டு நோட்டைச் சமர்ப்பிக்க இனி கூடுதல் அவகாசம் வழங்கப்பட மாட்டாது. செய்முறைத் தேர்வின் நாளைப் பள்ளி தன் விருப்பப்படி மாற்ற இயலாது. உரிய காலத்தில் முடித்த மற்ற மாணவர்களுக்கும் அது நியாயமாகாது. அடுத்து, உரிமமுள்ள விண்டோஸை நீக்கிவிட்டுத் திருட்டுப் பிரதியை நிறுவி, அதை இயக்க ‘ஆக்டிவேட்டர்’ நிரல்களைப் போட்டுத் தரும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இத்தகைய நிரல்களுடன் வைரஸ்களும் வந்து சேர்கின்றன. அப்படிப்பட்ட கணினியில் பயன்படுத்திய பென் டிரைவைப் பள்ளி ஆய்வகக் கணினிகளில் செருக அனுமதி இல்லை. தங்கள் பணத்தில் ஏற்கெனவே வாங்கிய உரிமத்தை, ஒரு பென் டிரைவ் செலவைத் தவிர்ப்பதற்காக இழப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இவ்வளவும் ஒவ்வொரு வீட்டிலும் தனியாகச் செய்ய இயலும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் பெற்றோர்களுக்கு இது கூடுதல் சுமை என்பதை உணர்கிறேன். ஆகவே வரும் சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நம் கணினி ஆய்வகம் திறந்திருக்கும். மடிக்கணினி, அதன் சார்ஜர், காலியான 32 ஜிபி பென் டிரைவ் ஆகியவற்றுடன் பிள்ளையோடு வந்தால், கணினி ஆசிரியர்கள் உடனிருந்து மீட்பு டிரைவை உருவாக்கித் தருவார்கள். கட்டணம் ஏதுமில்லை. கோப்புகளை இழந்துவிட்ட மாணவர்கள் தங்கள் நிரல்களை மீண்டும் எழுத மாலை வகுப்புக்குப் பின் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைப் பயன்படுத்தவும் ஏற்பாடு செய்துள்ளோம். அந்த மாணவர்கள் மனம் தளராமல் இருக்கத் தாங்களும் வீட்டில் துணை நிற்க வேண்டுகிறேன்.

தங்கள் பிள்ளைகளுக்குக் கணினி வேண்டும் என்று கடன் பட்டும் வாங்கிக் கொடுத்தவர்கள் தங்களில் பலர் இருக்கிறீர்கள். அந்த அக்கறைக்கும், பள்ளியின் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தாங்கள் அளித்துவரும் ஒத்துழைப்புக்கும் ஆசிரியர்கள் அனைவரின் சார்பில் என் மனமார்ந்த நன்றி. விண்டோஸை மாற்றுவதற்காகக் கணினியை இவ்வாரமே கடைக்குக் கொண்டு செல்ல எண்ணியிருப்பவர்கள், சனிக்கிழமை வரை அதைத் தள்ளிவைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்