மின்னல் அடித்த மறுநாள் காலையில், உதிரி மாட்யூலைச் செருகும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இடியும் மழையுமாகக் கழிந்த இரவுக்கு மறுநாள் எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "பிஎல்சியில் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) விளக்குகள் எரிகின்றன. ஆனால் எந்த டிரைவும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மீட்டரும் அதனோடு பேசவில்லை. புதிய பிஎல்சி அனுப்புங்கள்." அனுப்பினால் எங்களுக்கு விற்பனைதான். இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மின்னல் உங்கள் கூரையிலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலும் இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரு கணம் வெவ்வேறு மின்னழுத்தத்துக்குப் போய்விடும். அந்த வேறுபாடு தகவல் கம்பி வழியாகப் பாய்கிறது. இந்தக் கம்பிக்கான ஆர்எஸ்-485 என்ற தகவல் தொடர்புத் தரம் எதிர்பார்ப்பதோ −7 முதல் +12 வோல்ட் வரைதான். அதனால் முதலில் சாவது பிஎல்சியின் மூளை அல்ல, போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு சிப். அது ஷார்ட் ஆகி A, B என்ற இரண்டு தகவல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டால், நல்ல நிலையில் உள்ள மற்ற கருவிகளும் ஊமையாகிவிடும். ஒரே கம்பியில் உள்ள பதினாறு கருவிகளும் பேசவில்லை என்றால் பதினாறும் போய்விட்டன என்று அர்த்தமில்லை.

வானம் முழுதும் அடங்கிய பிறகு மட்டுமே கேபிளைத் தொடுங்கள். கருவிகளை அணைக்கும் முன் பிஎல்சி நிரலைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் நிரல் பாட்டரியை நம்பித்தான் இருக்கிறது, பாட்டரி தீர்ந்திருந்தால் அணைத்ததும் அழிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, A-க்கும் B-க்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனையின் ரெசிஸ்டர் இல்லை. சில ஓம் மட்டும் காட்டினால் ஏதோ ஒன்று ஷார்ட். நடுவில் கழற்றி எந்தப் பாதி குறைவாகக் காட்டுகிறது என்று பாருங்கள். அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். பதினாறு கருவிகள் இருந்தாலும் நான்கே முறையில் குற்றவாளி பிடிபடும்.

சில நேரம் அந்தக் குற்றவாளி சர்ஜ் அரெஸ்டராகவே (திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) இருக்கும். அது தன் கடமையைச் செய்து உயிரை விட்டிருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கம்பியை இணைத்து ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அடுத்த மின்னலுக்கு அங்கே எந்தத் தடுப்பும் இல்லை. தயவுசெய்து புதியது பொருத்துங்கள்.

கம்பியைச் சோதிக்காமல் உதிரி மாட்யூலைச் செருகவே வேண்டாம். தகவல் கம்பியில் எங்காவது 24 வோல்ட் கலந்திருந்தால் புதியதும் போய்விடும், கையில் இருந்த ஒரே உதிரியும் இல்லாமல் போகும். மாற்றிய கருவியில் முகவரி, பாட் ரேட் (தகவல் வேகம்), பாரிட்டி (பிழை கண்டறியும் அமைப்பு) மூன்றும் பழையபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பிய சிப்புகளும் அடிபட்டுப் பலவீனமாகி, சில வாரம் கழித்து விழலாம். அதுவரை தகவல் பரிமாற்றத்தில் வரும் பிழைகளின் எண்ணிக்கையைக் கவனித்து வாருங்கள்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி போயிருப்பவர்களுக்கு எங்கள் உறுதியான கருத்து: அந்தத் துண்டை மட்டுமாவது ஃபைபருக்கு மாற்றுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

எங்களை அழைக்கும்போது மீட்டர் காட்டிய ஓம் அளவையும், எந்தப் பாதியில் கோளாறு என்பதையும் சொல்லுங்கள். சரியான பொருளோடு வந்து சேர அதுவே போதும்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவு