மேடை இல்லை, மாறுவேடம் இல்லை: டிசம்பர் 10 மாலை பள்ளிக்கு வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பெற்றோர் வெளியூரில் இருக்கப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் அப்பத்தா, ஐயாக்களுக்கும்,

வணக்கம். டிசம்பர் 10 மனித உரிமை நாள். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு நம் பள்ளியில் ஊர்க் கூடுகை. எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். போன வருஷம் காலையில் வைத்ததால் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வர முடியவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மனித உரிமை கேட்க வா என்று கூப்பிடுவது எவ்வளவு அபத்தம் என்பது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரத்தில் இது தேவையா என்று நாலைந்து பேர் போன் செய்தீர்கள். தேவைதான். ஏன் என்று சொல்ல, போன வருஷம் நடந்த ஒரு விஷயத்தை, அதாவது நான் செய்த ஒரு தப்பை, முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று மாறுவேடப் போட்டி வைத்தோம். வழக்கம்போல் ஒரு காந்தி, இரண்டு பாரதியார், தலையில் தொப்பியோடு ஒரு பிள்ளை, சிலுவையோடு ஒரு பிள்ளை. அதில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கழுத்தில் சிவப்புத் துண்டு, வாயில் வெற்றிலைச் சாறு வழிய, இந்தி மாதிரி ஏதோ உளறிக்கொண்டு 'பானிபூரிக்காரர்' ஆக வந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுக்கு இரண்டாம் பரிசு, கொடுத்ததும் என் கைதான். நிஜமாகவே பானிபூரி வண்டி போடுகிறவரின் மகன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

வேடம் போட்ட பையனையோ அவன் வீட்டாரையோ நான் குறை சொல்லவில்லை, அவர்கள் யாரும் வருத்தப்பட வேண்டாம். போட்டியை வைத்தவள் நான், நடுவராக உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

நாலாம் நாள் பானிபூரி வண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அங்கே என் அறியாமைதான் அதிகம் வெளிப்பட்டது. இத்தனை நாள் அந்தக் குடும்பத்தை 'இந்திக்காரர்' என்றுதான் ரிஜிஸ்டரிலும் பேச்சிலும் குறித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டில் பேசுவது இந்தி இல்லை, மைதிலி. பிகாரில் மதுபனிப் பக்கம். மைதிலிக்குச் சொந்த எழுத்து உண்டு, வித்யாபதி என்று ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்திய பெரிய கவிஞர் உண்டு, 2003-இல் செய்த திருத்தத்தில் நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி. யாராவது என்னை 'மதராஸி' என்று கூப்பிட்டால் எவ்வளவு கோபம் வரும் எனக்கு!

வாசலில் ஒரு கோலம் போட்டிருந்தார்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, விரலால் இழுத்துப் போட்ட கோலம். அவர்கள் ஊரில் அதற்கு அரிபன் என்று பெயர். நான் நம் வீடுகளில் போடும் நடுவீட்டுக் கோலத்தைப் போனில் காட்டினேன். அந்தம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பையனிடம் ஏதோ சொன்னார். 'மாவு கொஞ்சம் தண்ணியா இருக்காம் டீச்சர்' என்று அவன் மொழிபெயர்த்தான்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் இந்த வருஷ நிகழ்ச்சி.

இதை இந்த ஊரில் சொல்லத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. வெளியூர் போய்ப் பிழைத்த கதை நம்மைப் போல் யாருக்குத் தெரியும்? கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் கட்டிய ஊர் இது. வளவில் நிற்கிற தூண் பர்மாத் தேக்கு, பெட்டகத்தில் இருக்கிற மங்குச் சாமான் கப்பலில் வந்தது, கல்யாணத்துக்குக் கவுனி அரிசி இல்லாமல் நடக்காது, ரங்கூன் புட்டு என்று பெயரிலேயே ஊரை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். முதலாளிகள் மட்டும் போகவில்லை. கூடவே அடுத்தாளாக, சமையல்காரராக, பெட்டியடிப் பையனாக எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். பர்மாவில் நம் ஆட்களைப் பார்த்துச் சொல்ல ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள்: 'கலா'. இங்கே சில பிள்ளைகள் வாயில் 'வடக்கன்' என்று வருகிறதே, அதே தொனியில். நம்மவர் அங்கே கொடுத்த கடனையும் எடுத்த நிலத்தையும் பற்றி அந்த ஊர் விவசாயி சொல்ல ஒரு கதை இருக்கும், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அடி வாங்கியது பெரும்பாலும் மூட்டை தூக்கியவன்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் வேலை யாருக்கு என்ற தகராறு கலவரமாகி, கூலிக்குப் போயிருந்த தெலுங்குத் தொழிலாளர்கள் பலர் செத்தார்கள்.

அதே 1930 டிசம்பரில் இங்கே என்ன நடந்தது தெரியுமா? அப்போது நம் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். ஆதிதிராவிடர்கள் தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை, பனியன் போடக் கூடாது, கிராப்பு வெட்டக் கூடாது, குடையும் செருப்பும் ஆகாது, மண் பாத்திரத்தில்தான் புழங்க வேண்டும், பெண்கள் மாராப்புப் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்றெல்லாம் இந்த மாவட்டத்தில் எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசை எரிந்தது, ஆடு மாடு போனது. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. அவற்றில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். யார் விதித்தது என்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, யார் வீட்டுப் பிள்ளையையும் இன்னொரு பிள்ளை கைகாட்ட நான் காரணமாக மாட்டேன். ஆனால் ஒரு தலைமையாசிரியைக்கு அந்தப் படிப்புத் தடையைக் கடந்து போக மனசு வரவில்லை. நம் வருகைப் பதிவேட்டை ஒவ்வொரு நாள் காலையும் திறக்கும்போது அது ஞாபகம் வருகிறது.

சரி, அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். பக்கத்துக் கண்டதேவியில் எல்லாரும் சேர்ந்து வடம் பிடிப்பதா என்ற தகராறில் வருஷக்கணக்காக நின்ற தேர் 2024 ஜூனில்தான் ஓடியது. அதே மாதம்தான் நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி அடையாளமாகக் கையில் கலர் கயிறு கட்டி வருவதை நிறுத்த வேண்டும் என்று அரசிடம் அறிக்கை கொடுத்தது. நம் பள்ளியில் கயிறு விஷயத்தில் நான் கறாராக இருப்பது பலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். கோயில் கயிறு வேறு, இது வேறு. எது எது என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிகிறது, அதுதான் எனக்குப் பயம்.

நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1948 டிசம்பர் 10-இல் பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது, அதனால்தான் இந்தத் தேதி. ஆதரித்து 48 நாடுகள், எதிர்த்து ஒன்றும் இல்லை, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவை 8. ஆதரித்தவற்றில் இந்தியாவும் உண்டு, பர்மாவும் உண்டு. முதல் பிரிவு ஆங்கில வரைவில் 'எல்லா ஆண்களும்' என்று படிக்கும்படி இருந்ததை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் நம் நாட்டு ஹன்ஸா மேத்தா. பெண்பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரமாக மேத்தாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முப்பது பிரிவுகளையும் ஆளுக்கொன்றாக நம் பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னேன். 24-ஆம் பிரிவு ஓய்வுக்கான உரிமை. அதை எடுத்த ஐந்தாம் வகுப்புப் பையன் வீட்டுப்பாடம் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறான், படிக்கும்போது என்னைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பானிபூரி அண்ணன் மகன் எடுத்தது 13-ஆம் பிரிவு, ஒருவர் தன் நாட்டுக்குள் எங்கும் போகலாம், எங்கும் வசிக்கலாம் என்பது. நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. மைதிலியிலும் தமிழிலும் படிப்பான்.

வாசலில் அரிபனும் நடுவீட்டுக் கோலமும் பக்கத்தில் பக்கத்தில். நடுவீட்டுக் கோலம் நன்றாக வரும் ஆச்சிகள் இரண்டு பேர் நாலு மணிக்கே வந்தால் உதவியாக இருக்கும். மாவை அந்தம்மா கரைக்கட்டும், நமக்குத் தண்ணியாக இருக்கிறதாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பறை வாசிப்பார்கள். 'அது சாவுக்கு அடிக்கிறதாச்சே, பள்ளிக்கூடத்தில் எதற்கு' என்று இரண்டு பேர் நேரில் வந்தே கேட்டீர்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் உணவு எது, மரம் எது என்று சொல்கிற தொல்காப்பியம் அதே வரிசையில் பறையையும் வைத்துப் பேசுகிறது. அடிக்கிறவரைத் தள்ளிவைத்ததால் பறையையும் தள்ளிவைத்தோம், அவ்வளவுதான். மூன்று மாதம் பழகியிருக்கிறார்கள், கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியூரிலிருந்து வந்த ஒரு பொருள் கொண்டுவாருங்கள். மரவை, மங்குத் தூக்கு, மலேயாவிலிருந்து வந்த கடிதம், வளைகுடாவிலிருந்து அப்பா அனுப்பிய போர்வை, கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த அம்மிக்கல், எதுவும் சரிதான். விலை உயர்ந்தது வேண்டாம், தொலைந்தால் நான் பொறுப்பேற்க முடியாது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் ஆளைக் கையோடு கூட்டிவாருங்கள், நாற்காலி போடுகிறேன். மற்ற எல்லாருக்கும் பாய்தான். சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது.

சாப்பாடு. இதுதான் முக்கியம், கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். வெண்டைக்காய் மண்டியும் சாதமும் ஒரே பானையில், பள்ளி முற்றத்தில், நம் சத்துணவு அக்காக்கள் தலைமையில். அடுப்பு பற்றவைக்க, காய் நறுக்க யார் வேண்டுமானாலும் வரலாம். பானிபூரி அண்ணனிடம் அன்றைக்கு வண்டியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். 'எனக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா மேடம்' என்று சிரித்தார், எனக்குத் திரும்பவும் வெட்கமாகப் போயிற்று. அவர் வீட்டில் லிட்டி செய்கிறார்கள், கோதுமை மாவுக்குள் வறுகடலை மாவும் பூண்டும் வைத்து உருட்டிக் கங்கில் சுடுவது. நம் கறிக்குழம்புக்கு அது நன்றாகச் சேரும் என்று நினைக்கிறேன், ஆனால் அன்றைக்குச் சைவம்தான்.

போன மாதம் ஒரு வீட்டில், யார் சமைத்தது என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையிடம் காலை உணவைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அதை என்னிடம் சொல்லவில்லை, இட்லி எடுத்துத் தந்த அக்காவிடமே சொல்லிவிட்டது. அந்த அக்கா மறுநாளும் வந்து சமைத்தார். எந்த வீடு என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். டிசம்பர் 10 அன்று அந்த வீட்டாரும் வர வேண்டும், முன்வரிசைப் பாயில் இடம் வைத்திருக்கிறேன். வந்து சாப்பிடுங்கள், வேறு எதுவும் பேசப் போவதில்லை.

உட்காருவதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். உங்கள் பக்கத்தில் யார் வருகிறார்களோ அவர்களிடம் பெயர், ஊர், வீட்டில் பேசும் மொழி, பிடித்த குழம்பு, இந்த நாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாவதாக வேறு ஒன்றை யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளிடம் அன்று இன்னொரு விஷயமும் சொல்லித் தரப் போகிறோம்: அடி, மிரட்டல், தொல்லை, வேலைக்கு அனுப்புவது, கல்யாணப் பேச்சு, எதுவானாலும் 1098-க்குப் போன் செய்யலாம், காசு இல்லை. வீட்டில் வந்து சொன்னால் திட்டாதீர்கள். பள்ளியைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருந்தாலும் அதே எண்தான் என்று நானே சொல்லிவிட்டேன்.

அனுமதிச் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து யார் போட்டாலும் சரி, அம்மாவின் கையெழுத்து செல்லாது என்று யாரோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள், செல்லும். தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து கொடுத்துவிடுங்கள், பள்ளியில் இருப்பது போதாது. மழை வந்தால் வராந்தாவுக்கு மாற்றிக்கொள்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பி.கு. வேடம் போட்ட பையனும் இரண்டாம் வரிசைப் பையனும் இப்போது ஒரே பெஞ்சு. நான் உட்கார வைக்கவில்லை. இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வகுப்பாசிரியர் புகார் சொல்கிறார்.