குட்டி கீஷ்: செய்யுங்கள், டிபன் பாக்ஸில் மட்டும் வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை சமையல் வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முட்டை, பால், காய்கறி சேர்த்து வேக வைக்கும் குட்டி கீஷ் என்ற பண்டத்தைச் செய்தார்கள். அன்றே வீட்டுக்கு வந்து அடம் பிடித்திருப்பார்கள் போல. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பல டிபன் பாக்ஸ்களில் அதுதான் இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முட்டையும் பாலும் சேர்த்துச் சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. நீங்கள் காலை 7 மணிக்கு மூடும் டப்பாவைப் பிள்ளைகள் திறப்பது 12.40-க்கு. செவ்வாயன்று ஒரு டப்பாவை நானே திறந்து பார்த்தேன். சூட்டோடு மூடியதால் மூடி முழுக்க நீர் கோத்து, அடியில் தண்ணீர் விட்டு, வாடையும் மாறியிருந்தது. சாப்பிட விடவில்லை. அந்தப் பிள்ளைக்கு என் மேல் இன்னும் கோபம்.

அதனால் மாலையில் செய்து கொடுங்கள். டியூஷனுக்கு ஓடும் முன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கீஷ் பிரான்சின் லொரேன் பகுதியில் பேர் பெற்ற பண்டம். அங்கே மைதாவும் வெண்ணெயும் பிசைந்த ஓட்டுக்குள் முட்டையும் க்ரீமும் ஊற்றி ஓவன் அடுப்பில் வேக வைப்பார்கள். நாங்கள் அந்த மாவு ஓட்டையும் க்ரீமையும் விட்டுவிட்டுப் பணியாரக் கல்லை எடுத்துக்கொண்டோம். "இது நம்ம முட்டைப் பணியாரம்தானே டீச்சர்?" என்று ஒரு பாட்டி கேட்டார். மறுத்துப் பேச முடியவில்லை.

4 முட்டை, கால் கப் பால், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், துருவிய கேரட், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை எல்லாவற்றையும் முதலில் வதக்கி, ஈரம் வற்றி ஆறிய பிறகே முட்டையில் கலக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் காய் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். குழியில் முக்கால் அளவு ஊற்றினால் போதும், பொங்கி வரும். மூடி போட்டு, சிறு தீயில் வேக விட்டு, திருப்பிப் போடுங்கள். குச்சியால் குத்தினால் ஈரம் ஒட்டக் கூடாது. ஏறக்குறைய 12 வரும். அப்படியானால் மூன்று தின்றால் ஒரு முட்டை, சுமார் 6 கிராம் புரதம்.

முட்டை சாப்பிடாத வீடுகளில் கடலை மாவைத் தயிரில் கரைத்து, பனீர் உதிர்த்துப் போட்டுச் செய்யலாம். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வகுப்புக்கு முன் எனக்கு அது தெரிய வேண்டும்.

அப்புறம், வகுப்புக்காக வந்த பணியாரக் கற்களில் இரண்டு இன்னும் அலுவலக அறையில் கிடக்கின்றன. ஒன்றுக்கு மரக் கைப்பிடி, மற்றொன்றில் ஒரு குழி லேசாக நசுங்கியிருக்கிறது (வரும்போதே அப்படித்தான்). உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்